எஞ்சின் சூப்பர்... ஸ்டியரிங் எங்கே? கியூஎமுவுக்கு ஏன் ஒரு வி.எல்.சி தேவை?

வி.எல்.சி பிளேயருக்கு அறிமுகம் தேவையில்லை. ஆரஞ்சு கூம்பு ஐகானை கிளிக் செய்தால் போதும், எந்த ஃபார்மேட் வீடியோவாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் என எதில் போட்டாலும் அதே கூம்புதான். ஆனால், அந்தக் கூம்புக்குள் உட்கார்ந்து பல வகை வீடியோக்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூலத் திட்டத்தின் நிரல்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாகப் பயன்படுத்த முடியும். வி.எல்.சி-யில் படம் பார்க்கும் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கூம்புதான் இருக்கிறதே!

2000-ல் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர். அவரே 2003-ல் இன்னொரு எஞ்சினையும் வெளியிட்டார். அதன் பெயர் கியூஎமு. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை உயிரோடு ஓட வைக்கும் எமுலேட்டர் அது. முதல் எஞ்சினுக்கு வி.எல்.சி போன்ற முகங்கள் கிடைத்தன. இரண்டாவது எஞ்சினுக்கு 20 ஆண்டுகள் தாண்டியும் அப்படி ஒரு முகம் கிடைக்கவில்லை.

இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. யார் பயன்படுத்தலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பிரச்னை.

கியூஎமு அப்படி என்ன செய்யும்?

ஒரு கணினியின் சிப், மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டுவதுதான் எமுலேஷன். இன்டெல் சிப் உள்ள லேப்டாப்பில் ஏ.ஆர்.எம் சிப்புக்கான லினக்ஸை ஓட்டலாம். புது மேக்கில் பழைய விண்டோஸை ஓட்டலாம். இப்படி பத்துக்கும் மேற்பட்ட சிப் வகைகளை கியூஎமு நடித்துக் காட்டும்.

கியூஎமுவைத் தெரியாமலேயே அதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஆப் டெஸ்ட் செய்யும்போது திரையில் ஒரு போன் வருமே, அந்த எமுலேட்டர் கியூஎமுவின் மேல் கட்டப்பட்டது. புராக்ஸ்மாக்ஸ் வைத்து சர்வர் நடத்தும் நிறுவனங்களில் மெய்நிகர் கணினிகளைத் தாங்கி நிற்பதும் கியூஎமுதான்.

சென்னைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி உருவாக்கிய ‘சக்தி’ ரிஸ்க்-ஃபைவ் பிராசஸரின் ஒரு மாடல், கியூஎமு நடித்துக் காட்டும் கணினிகளின் பட்டியலில் அதிகாரபூர்வமாகவே இருக்கிறது. அந்த போர்டு கையில் இல்லாத மாணவரும் தன் லேப்டாப்பிலேயே அதற்கு நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். செலவு பூஜ்ஜியம்.

இன்னொரு பக்கம், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களை வைத்து பேஜ்மேக்கரில் செய்த புத்தக ஃபைல்கள். சிறு பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் இன்றும் சி.டி-களில் தூங்குகின்றன. அந்தப் பழைய மென்பொருள் இன்றைய விண்டோஸில் மக்கர் செய்யும். அதை அதன் காலத்து விண்டோஸோடு சேர்த்து ஓட வைக்க எமுலேஷன் நல்ல வழி.

அப்போ பிரச்னை எங்கே?

கியூஎமுவைத் திறந்தால் எதுவும் வராது என்பதுதான் பிரச்னை. எந்த சிப், எந்த மதர்போர்டு, எவ்வளவு மெமரி, எந்த டிஸ்க் ஃபைல், அது எந்த வகையில் இணைகிறது, நெட்வொர்க் எப்படி, திரை எப்படி என எல்லாவற்றையும் ஒரே நீளக் கட்டளையாக டைப் செய்ய வேண்டும். ஒரு சாதாரண மெய்நிகர் கணினிக்கே கட்டளை நாலைந்து வரிகள் போகும். ஒரு எழுத்து தவறினால் பிழைச் செய்தி. அதைப் புரிந்துகொள்ள இன்னும் அரை மணி நேரத் தேடல்.

கியூஎமுவுக்குச் சொந்தமாக ஒரு விண்டோ உண்டு. ஆனால், அது ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் திரையைக் காட்டும். நிறுத்து, மீண்டும் தொடங்கு என்று சில மெனுக்கள் இருக்கும். புதிதாக ஒரு கணினியை உருவாக்கும் வேலை அங்கே நடக்காது.

‘மற்றவர்கள் செய்த முகங்கள் இருக்கின்றனவே?’ என்று கேட்கலாம். இருக்கின்றன. லினக்ஸில் விர்ட்-மேனேஜர், க்னோம் பாக்ஸஸ். மேக், ஐபோன், ஐபேடில் யு.டி.எம். ஒவ்வொன்றும் தன் வீட்டில் ராஜா. பக்கத்து வீட்டில் அதற்கு வேலையில்லை. எஞ்சின் மூன்று இயங்குதளங்களிலும் ஓடுகிறது, முகங்கள் மட்டும் வேலிக்குள் நிற்கின்றன. கல்லூரி லேபில் பாதிப் பேரிடம் விண்டோஸ், சிலரிடம் மேக், ஓரிருவரிடம் லினக்ஸ் இருந்தால், ஆசிரியர் மூன்று விதமாகப் பாடம் எடுக்க வேண்டும். அதிகம் பேர் வைத்திருக்கும் விண்டோஸில்தான் நிலைமை மோசம்.

விர்ச்சுவல்பாக்ஸ் போதாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. இன்ஜினீயரிங் மாணவர்களும் சைபர் செக்யூரிட்டி கற்பவர்களும் முதலில் தொடுவது பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸைத்தான். ‘நியூ’ பட்டனை அழுத்து, மெமரி ஸ்லைடரை நகர்த்து, ஐ.எஸ்.ஓ ஃபைலைக் காட்டு... முடிந்தது. அதன் முகம் கியூட்டி என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்டது. எல்லா இயங்குதளங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சுவாரஸ்யம் என்னவென்றால், தொடக்ககால விர்ச்சுவல்பாக்ஸுக்குள் கியூஎமுவிலிருந்து எடுத்த நிரல்களும் இருந்தன. கடன் கொடுத்த வீட்டுக்கு விளக்கு இல்லை, கடன் வாங்கிய வீடு ஜொலித்தது. வித்தியாசம் முகத்தில்.

ஆனால், விர்ச்சுவல்பாக்ஸை மட்டும் நம்பியிருப்பதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அடிப்படையில் அது லேப்டாப்பில் இருக்கும் அதே வகை சிப்புக்கான கணினியை ஓட்டுவதற்கானது. ‘சக்தி’க்கோ, ராஸ்பெர்ரி பைக்கோ நிரல் எழுதிப் பார்க்க அது உதவாது. 2020-ல் ஆப்பிள் தன் சொந்த சிப்புகளுக்கு மாறியபோது மேக் பயனர்கள் இதை நேரடியாக உணர்ந்தார்கள். அதுவரை ஓடியது ஓடவே இல்லை. அந்த இடைவெளியில்தான் யு.டி.எம் வளர்ந்தது.

இரண்டாவது, சாவி யார் கையில் என்பது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை திறமூலம்தான். ஆனால், அதன் கூடுதல் வசதிகளைத் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்கை நிறுவனங்களில் பயன்படுத்த ஆரக்கிளிடம் உரிமம் வாங்க வேண்டும். விஎம்வேர் கதை இன்னும் தெளிவு. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. 2024 மே மாதம் வொர்க்ஸ்டேஷன் புரோ தனிநபர்களுக்கு இலவசம் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசம். நல்ல செய்திதான். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் முடிவு. இன்று ஒரு அறிவிப்பில் இலவசமானது, நாளை இன்னொரு அறிவிப்பில் மாறலாம். வேலையும் படிப்பும் அதன் மேல் நிற்கும்போது, கையில் ஒரு மாற்று இருக்க வேண்டாமா?

20 ஆண்டுகளாக ஏன் யாரும் செய்யவில்லை?

முயற்சிகள் நடந்தன. ஏகியூஎமு என்று ஒன்று கியூட்டியில் எழுதப்பட்டது. பல ஆண்டுகளாக அது அசையாமல் கிடக்கிறது. இப்படி வந்து போனவை இன்னும் சில உண்டு. அவை ஏன் நிலைக்கவில்லை என்பதைப் பார்த்தால்தான், அடுத்தது எப்படி இருக்க வேண்டும் என்பது புரியும்.

முதல் காரணம், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியூஎமுவுக்கு ஆண்டுக்கு மூன்று பெரிய பதிப்புகள் வருகின்றன. ஒரு வசதியைக் கைவிடப்போவதாக அறிவித்தால், இரண்டு பதிப்புகள் வரை விட்டுவைப்பார்கள். அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம். ஒலிக்கு இருந்த பழைய கட்டளை 2022-ல் 7.1 பதிப்போடு போனது. ஆண்ட்ராய்டு டெவலப்பர்களுக்கு நன்கு தெரிந்த இன்டெல்லின் ஹேக்ஸம் ஆதரவு 2023 இறுதியில் 8.2 பதிப்போடு போனது. எஞ்சின் தரப்பில் இது சரியான ஒழுங்கு. ஆனால், பழைய கட்டளைகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு முகம், ஓராண்டு யாரும் கவனிக்காவிட்டால் உடைந்துவிடும்.

இரண்டாவது, வேகம் தரும் வசதி ஒவ்வொரு இயங்குதளத்திலும் வேறு. லினக்ஸில் கே.வி.எம். மேக்கில் ஆப்பிளின் ஹைப்பர்வைசர் வசதி. விண்டோஸில் ‘விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்’. அதையும் விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய் ‘ஆன்’ செய்ய வேண்டும். இவற்றைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் கியூஎமு எல்லாவற்றையும் மென்பொருளாலேயே மொழிபெயர்த்து ஓட்டும். ஓடும், ஆனால் நத்தை வேகத்தில். பயனர் என்ன நினைப்பார்? ‘கியூஎமு ஸ்லோப்பா, வேண்டாம்’ என்று நீக்கிவிடுவார். உண்மையில் எஞ்சின் ஸ்லோ இல்லை, கியர் மாற்றச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது, சில்லறைச் சிக்கல்கள். உதாரணத்துக்கு, கியூஎமு கட்டளையில் கமா என்பது ஒரு பிரிப்பான். டிஸ்க் ஃபைலின் பெயரில் கமா இருந்தால் அதை இரட்டைக் கமாவாக எழுத வேண்டும். இது தெரியாத முகம், ‘லேப், செமஸ்டர் 5’ என்ற ஃபோல்டரைப் பார்த்ததும் புரியாத பிழையைக் கக்கும். இப்படி நூறு சின்ன விஷயங்கள். இவற்றைச் சரிசெய்வதில் பெருமை இல்லை, கைதட்டல் இல்லை. புது சிப்பை நடிக்க வைத்தவரின் பெயர் பேசப்படும். கமாவைக் கவனித்தவரை யாருக்கும் தெரியாது.

திறமூல உலகின் பழைய வியாதி இது. எஞ்சினுக்கு மாலை, முகத்துக்கு அலட்சியம்.

எந்தக் கருவியில் கட்டுவது?

பல இயங்குதளங்களுக்கான முகத்தை உருவாக்க மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

*வழி 1: கியூட்டி போன்ற ஒரே கருவித்தொகுப்பு.* ஒரு முறை எழுதி மூன்று இடத்திலும் ஓட்டலாம். வி.எல்.சி-யே 2008-ல் தன் பழைய டபிள்யூஎக்ஸ் முகத்தைக் கைவிட்டு கியூட்டிக்கு மாறியது. குறை: மேக்கில் பார்த்தால் ‘வெளியூர்க்காரர்’ போலத் தெரியும்.

*வழி 2: ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி முகம்.* ஹேண்ட்பிரேக் இதைத்தான் செய்கிறது. உள்ளே ஒரே மூளை, வெளியே மூன்று முகங்கள். பார்க்க அழகு. ஆனால் மூன்று மடங்கு வேலை. தன்னார்வலர்கள் நாலு பேர் இருக்கும் திட்டத்துக்கு இது தாங்காது.

*வழி 3: பிரவுசர்.* புராக்ஸ்மாக்ஸ் இப்படித்தான் ஓடுகிறது. ரெட் ஹாட் நிறுவனமும் தன் சர்வர் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலேயே விர்ட்-மேனேஜரை ஓரம்கட்டி, காக்பிட் என்ற பிரவுசர் வழி முகத்துக்கு நகர்ந்தது. சர்வருக்குச் சரி. ஆனால் லேப்டாப்பில், இதே பிரவுசர் தொழில்நுட்பத்தை ஆப்புக்குள் சுமக்கும் எலெக்ட்ரான் போன்றவற்றை வைத்துச் செய்தால், முகமே சில நூறு எம்பி மெமரியைத் தின்னும். 8 ஜிபி லேப்டாப்பில் 4 ஜிபியை உள்ளே ஓடும் கணினிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் விண்டோஸும் குரோமும் மூச்சு வாங்கும்போது, இந்தக் கூடுதல் சுமை நியாயமில்லை.

இந்தக் கணக்கில் முதல் வழியே தேறுகிறது. அதற்குத் தமிழ்ப் பயனரின் பார்வையில் கூடுதல் காரணமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ‘க’ என்ற அகரமேறிய எழுத்தும் ஒரு உயிர்க்குறியும் சேர்ந்தது. அந்தக் குறியின் ஒரு பாதியை முன்னாலும் மறுபாதியைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். கியூட்டியும் ஜிடிகேவும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் துணையால் இதைச் சரியாகச் செய்கின்றன. எமுலேட்டர்கள் சிலவற்றில் பட்டன், மெனு எல்லாவற்றையும் தாங்களே வரைந்துகொள்வார்கள். அதற்கு அதிகம் பயன்படும் டியர் இம்குய் போன்ற கருவிகளில் இந்த எழுத்துச் சேர்க்கை வசதி இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பு தயாராக இருந்தாலும் எழுத்து உடைந்துதான் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்கிரீன் ரீடருக்கும் அங்கே வாசிக்க எதுவும் கிடைக்காது. ஆக, கருவித் தேர்வு என்பது நிரலாளரின் வசதி மட்டுமல்ல. முதல் நாளிலேயே யார் வெளியே நிற்பார்கள் என்று முடிவாகிவிடுகிறது.

நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, முகம் எஞ்சினை மனப்பாடம் செய்யக் கூடாது; அதனிடம் கேட்க வேண்டும். கியூஎமுவில் கியூஎம்பி என்ற உரையாடல் வழி இருக்கிறது. வெளியில் இருக்கும் நிரல், ‘நிறுத்து’, ‘டிஸ்க்கை மாற்று’, ‘நிலைமை என்ன’ என்று அதன் வழியே பேசலாம். ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்றுகூடக் கேட்கலாம். எஞ்சின் பட்டியல் தரும். எந்தெந்த மாடல் கணினிகளை நடிக்கத் தெரியும் என்பதையும் எஞ்சினே சொல்லும். இந்த வழியில் கட்டினால், பதிப்பு மாறும்போது உடைவது பெருமளவு குறையும்.

இரண்டு, கேள்விகளைக் குறைக்க வேண்டும். எஞ்சினுக்கு நூற்றுக்கணக்கான அமைப்புகள் இருக்கின்றன என்பதற்காக நூறு டிக் பாக்ஸ் வைப்பது முகம் அல்ல, படிவம். ‘எந்த இயங்குதளம் போடப் போகிறீர்கள்? எவ்வளவு இடம் தரலாம்?’ இரண்டு கேள்வி போதும். மீதியை மென்பொருளே ஊகிக்க வேண்டும். லினக்ஸில் குவிக்எமு என்ற கருவி இதைச் செய்து காட்டிவிட்டது. இயங்குதளத்தின் பெயரைச் சொன்னால், டவுன்லோடு செய்வதிலிருந்து சரியான அமைப்புகள் வரை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மூன்று, பின்னால் ஓடும் கட்டளையை மறைக்கக் கூடாது. ‘முகம் வந்தால் மாணவர்கள் கட்டளை கற்க மாட்டார்கள்’ என்று சீனியர்கள் சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டெவ்ஆப்ஸ் வேலைக்குப் போகிறவருக்குக் கட்டளை தெரிந்தே ஆக வேண்டும். ஆனால், முதல் நாளே நாலு வரிக் கட்டளையைக் கொடுத்தால் பலர் கதவோடு திரும்பிவிடுவார்கள். ‘இந்த பட்டன் இந்தக் கட்டளையைத்தான் ஓட்டுகிறது’ என்று பக்கத்திலேயே காட்டினால், அதே முகம் வாத்தியாராகவும் இருக்கும்.

காசு யார் கொடுப்பது?

இதுதான் கடைசிக் கேள்வி, கடினமான கேள்வியும்கூட. கூகுளின் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் கியூஎமு பல ஆண்டுகளாகப் பங்கேற்கிறது. மாணவர்களுக்கு அருமையான வாய்ப்பு. ஆனால் ஒரு கோடைக்காலத்தில் முகத்தைக் கட்டிவிடலாம், அதற்குப் பிறகு பத்து வருடம் யார் துடைத்துப் பராமரிப்பது?

யு.டி.எம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அதன் தளத்தில் இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். மேக் ஆப் ஸ்டோரில் அதே மென்பொருளுக்குச் சுமார் 10 டாலர் விலை. தானாக அப்டேட் ஆகும், கூடவே திட்டத்துக்கு உதவிய திருப்தி. திறமூலம் என்றால் காசே வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எஞ்சினை வைத்துப் பிழைக்கும் நிறுவனங்கள், அதற்குப் பங்களிக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை முகத்துக்கும் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

கதவு எவ்வளவு குறுகலாக முடியும் என்பதற்கும் யு.டி.எம்-மே சாட்சி. அதன் ஐபோன் பதிப்பான யு.டி.எம் எஸ்.இ-யை 2024 ஜூனில் ஆப்பிள் நிராகரித்தது; அடுத்த மாதமே அனுமதித்தது. ஒரே இயங்குதளத்தை மட்டும் நம்பி நிற்கும் முகத்துக்கு, அந்த இயங்குதளத்தின் முதலாளி தலையசைக்கும் வரை உயிர் ஊசலாட்டம்தான். பல இயங்குதளங்களில் நிற்பது வசதிக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான்.

கியூஎமுவை உருவாக்குபவர்களின் தரப்பையும் சொல்ல வேண்டும். எஞ்சினை எஞ்சினாகவே வைத்திருப்போம், மேலே கட்டுவதை மற்றவர்கள் கட்டட்டும் என்ற பிரிவினை நியாயமானது. எஃப்எஃப்எம்பெக்கும் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால், ‘மற்றவர்கள்’ வரவில்லை என்றால் அதையும் ஒரு குறையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முகத்தைப் பரிந்துரைப்பது, அதற்கு விண்டோஸ் இன்ஸ்டாலரில் இடம் கொடுப்பது, அமைப்புகளை மாற்றும்போது முகம் கட்டுபவர்களையும் ஒரு வார்த்தை கேட்பது... இவற்றுக்குப் புது நிரல் அதிகம் தேவையில்லை.

‘சக்தி’ பிராசஸரை லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கும் வசதி இன்றும் இலவசமாகத்தான் இருக்கிறது. பழைய தமிழ் ஃபைல்களைத் திறக்கும் வழியும் இருக்கிறது. இரண்டும் இப்போதைக்குக் கட்டளை தெரிந்தவர்களுக்கு மட்டும். எல்லோருக்கும் திறந்த மென்பொருள் என்று சொல்லிவிட்டு, உள்ளே வர நாலு வரி கடவுச்சொல் கேட்டால், அது பாதி திறந்த கதவு. மீதிப் பாதியைத் திறக்கும் வேலைக்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் அதே மரியாதையும் சம்பளமும் கிடைக்க வேண்டும்.